ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்: சேலத்துக் கோடையில் ஓ.ஆர்.எஸ். பொடி

சேலத்தில் பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் மருந்துக் கடைகளின் முன்மேசையில் இருக்கும் பொருள்கள் மாறிவிடும். இருமல் மருந்தும் தலைவலித் தைலமும் பின்னுக்குப் போய், ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கான பொடிப் பாக்கெட்டுகள், ஆரஞ்சு, ஆப்பிள் சுவைகளில் வரும் டெட்ரா பேக்குகள், தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகள், விளையாட்டு வீரர்களுக்கென்று சொல்லப்படும் நீல, பச்சை நிறப் பானங்கள் ஆகியவை வரிசையாக வந்து நிற்கும். இவை எல்லாமே ஒரே வேலையைச் செய்பவை, சுவையிலும் விலையிலும்தான் வேறுபாடு என்று நினைத்தே பெரும்பாலோர் வாங்குகிறார்கள். அந்த எண்ணம் தவறு. அந்த மேசையில் இருப்பவற்றுள் மிகவும் மலிவானதும் பார்ப்பதற்கு மிகச் சாதாரணமானதுமான 21 கிராம் பொடிப் பாக்கெட்டே, வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் மீட்கும் அதன் வேலையில், மற்ற அனைத்தையும்விட மேலானது என்பது என் முடிவு.

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சிறிய கொலுசுப் பட்டறை இருக்கிறது. வெள்ளியை உருக்கும் அடுப்பின் அருகிலும் பற்றவைக்கும் சுடரின் முன்னும் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் மின்விசிறியைப் போட்டுக்கொள்ள முடியாது. காற்று பட்டால் சுடர் அலைந்து வேலை கெட்டுவிடும். வீட்டிலோ எழுபது வயதைக் கடந்த பெற்றோரும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே இந்தப் பொடி எங்கள் வீட்டு அலமாரியிலும் பட்டறை மேசையிலும் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. மருந்துக் கடையில் விற்கும் வணிகப் பாக்கெட்டுகள், துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அரசுப் பாக்கெட்டுகள் ஆகிய இரண்டையுமே பயன்படுத்தியிருக்கிறோம். எந்த நிறுவனத்தின் பாக்கெட்டாக இருந்தாலும் ‘எலக்ட்ரால்’ என்று கேட்டு வாங்குவதே ஊர் வழக்கம். ஆனால் வாங்கும்போது பார்க்க வேண்டியது உறையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் சேர்மானத்தைத்தான்.

உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃப் அமைப்பும் 2002 முதல் பரிந்துரைத்து வரும் சேர்மானம் இது: ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். சுவையூட்டி சேர்ந்த வணிகப் பாக்கெட்டுகள் இதைவிடச் சற்றுக் கூடுதலாக எடை நிற்கும். இதை ஒரு லிட்டரில் கரைத்தால் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் அதே 75 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) என்ற சம அளவு கிடைக்கிறது. கரைசலின் மொத்த ஊடுபரவல் அடர்த்தி, அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் எல்லாத் துகள்களின் அளவு, 245. நம் இரத்தத்தின் அடர்த்தி 275-க்கும் 295-க்கும் இடையில் இருக்கும்; நீர் அடர்த்தி கூடிய பக்கத்துக்கே நகரும். இந்தப் பொருளின் மதிப்பு முழுவதும் இந்த எண்களில்தான் அடங்கியிருக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்குவது உப்பையோ சர்க்கரையையோ அல்ல, அவற்றுக்கு இடையிலான விகிதத்தை.

அந்த விகிதம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குக் குடலின் வேலையை அறிந்துகொள்ள வேண்டும். நாம் குடிக்கும் நீரும் உணவில் வரும் நீரும் இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர் என்று உடலே குடலுக்குள் சுரந்து அனுப்புவது ஏறத்தாழ ஏழு லிட்டர். ஒரு நாளில் குடலுக்குள் வரும் இந்த எட்டு ஒன்பது லிட்டரில் மலத்தோடு வெளியே போவது நூறு முதல் இருநூறு மில்லி மட்டுமே. மற்றதெல்லாம் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடுகிறது. வயிற்றுப்போக்கில் இந்தக் கணக்கு குலைகிறது. அப்போது வெறும் தண்ணீரை எவ்வளவு குடித்தாலும் போதிய அளவு உள்ளே ஏறுவதில்லை, ஏனென்றால் நீருக்குத் தானாக இழுத்துக்கொண்டு போகும் வழி எதுவும் குடலில் இல்லை. உப்பு போகும் திசையில்தான் நீர் போகும். சிறுகுடலின் உட்சுவர்ச் செல்களில் எஸ்.ஜி.எல்.டி.1 என்று பெயரிடப்பட்ட ஒரு புரதம் இருக்கிறது. அது ஒரு குளுக்கோஸ் மூலக்கூறையும் இரண்டு சோடியம் அயனிகளையும் சேர்த்தே உள்ளே கடத்தும்; அவற்றின் பின்னால் நீர் செல்லும். குளுக்கோஸும் சோடியமும் இவ்வாறு இணைந்து செல்கின்றன என்ற கருத்தை 1960-இல் பிராக் நகரில் நடந்த அறிவியல் கூட்டத்தில் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். காலரா போன்ற கடுமையான நோயிலும்கூட, குடலின் மற்ற வழிகள் நிலைகுலைந்து போகும் நேரத்தில், இந்த ஒரு வழி மட்டும் கெடாமல் வேலை செய்கிறது. பாக்கெட்டில் சர்க்கரை சேர்ப்பது சுவைக்காகவோ தெம்புக்காகவோ அல்ல. உப்பையும் நீரையும் உள்ளே அழைத்துச் செல்வதற்காக.

இந்தக் கண்டுபிடிப்பு மக்களிடம் வந்து சேர்ந்த கதையில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் எல்லையோர ஊரான பன்காவில் அகதிகளிடையே காலரா பரவியது. இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் நீர்மம் தீர்ந்துகொண்டிருந்த நிலையில், மருத்துவர் திலிப் மகாலனாபிஸ் குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடியம் பைகார்பனேட் மூன்றையும் அளந்து கலந்த பொடியைப் பைகளில் அடைத்து, தண்ணீரில் கரைத்து வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவப் பயிற்சி இல்லாத உறவினர்கள். முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு, இந்தக் கரைசல் பெற்றவர்களிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது. குளுக்கோஸும் சோடியமும் இணைந்து செல்கின்றன என்ற கண்டுபிடிப்பு இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று 1978-இல் லான்செட் மருத்துவ இதழின் தலையங்கம் பாராட்டியது. 2022-இல் மறைந்த மகாலனாபிஸுக்கு 2023-இல் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. பைகார்பனேட் சேர்ந்த பொடி ஈரத்தில் சீக்கிரம் கெட்டது என்பதால் 1984-இல் அதற்குப் பதிலாகச் சிட்ரேட் வந்தது. 2002-க்கு முன்பு சோடியம் 90, மொத்த அடர்த்தி 311 என்று இருந்ததைக் குறைத்தே இன்றைய அளவுக்கு வந்தார்கள். குறைத்த பிறகு குழந்தைகளுக்கு வாந்தியும் மலத்தின் அளவும் குறைந்தன, இரத்தக் குழாய் வழியாக நீர்மம் ஏற்ற வேண்டிய தேவையும் குறைந்தது. இன்று மருந்துக் கடை மேசையில் கிடக்கும் இந்தப் பாக்கெட்டுக்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே மதிப்பு கூடுகிறது.

இனிப் பயன்பாட்டுக்கு வருவோம். பொடி வெள்ளையாக, மணல்போல உதிர்ந்து கொட்டும். குளிர்ந்த நீரிலும் சற்றுக் கலக்கினாலே முழுவதும் கரைந்துவிடும். எங்களுக்குக் கிடைத்த அரசுப் பாக்கெட்டுகளில் வாசனை எதுவும் இல்லை. வணிகப் பாக்கெட்டுகள் ஆரஞ்சு வாசனையோடு கிடைக்கின்றன, பிள்ளைகள் அவற்றையே விரும்புகிறார்கள். சுவை லேசான உப்பும் அதைவிட லேசான இனிப்பும் கலந்தது. இது யாருக்கும் பிடித்துப்போகும் பானம் அல்ல. அது குறையும் அல்ல. கலக்கியதை ருசி பார்க்கும்போது கண்ணீரின் உப்பைவிட அதிகமாகக் கரித்தால் அளவு தவறியிருக்கிறது என்று கொள்ளலாம். கலக்கிய கரைசலை மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். மீந்ததைக் கீழே ஊற்றிவிட வேண்டும். பாலிலோ பழச்சாற்றிலோ கலக்கக் கூடாது. மேலும் சர்க்கரை சேர்ப்பதும், எலுமிச்சையோடு இன்னொரு சிட்டிகை உப்பு போடுவதும் விகிதத்தைக் கெடுத்துவிடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதன்மையான குறை, எத்தனை தண்ணீரில் கரைப்பது என்ற செய்தி வாங்குபவரிடம் சரியாகப் போய்ச் சேராததுதான். நான் வாங்கிய பல பாக்கெட்டுகளில் ‘ஒரு லிட்டர்’ என்பது ஆங்கிலத்திலும் இந்தியிலும் பொடி எழுத்தில் இருந்தது. தமிழைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது, சிலவற்றில் அதுவும் இல்லை. கடைகளிலும் இதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு. ஒரு கடையில், என் முன்னால் நின்ற அம்மாவிடம், “ஒரு டம்ளர் தண்ணியில கலக்கிக் குடுத்துடுங்கக்கா, உடனே தெம்பு வந்துரும்” என்று விற்பனையாளர் சொன்னதைக் கேட்டுத் திடுக்கிட்டு நான் குறுக்கிட்டேன். 200 மில்லி டம்ளரில் ஒரு லிட்டர் பாக்கெட் முழுவதையும் கொட்டினால் சோடியம் 75-க்குப் பதிலாக 375 மில்லிமோல் ஆகிவிடும். கடல்நீரில் இருப்பது சுமார் 470 என்பதை நினைத்துப் பார்த்தால் இது எந்த அளவுக்குத் தவறு என்பது விளங்கும். அந்த அடர்த்தி குடலுக்குள் போனால் உடலிலிருந்து நீரை மேலும் குடலுக்குள் இழுக்கும். இரத்தத்தில் சோடியம் மிகும். ஏற்கெனவே வற்றிப்போன குழந்தைக்கு வலிப்பு வரைகூடக் கொண்டுபோய்விடும். மாறாக, ஒரே பாக்கெட்டை இரண்டு லிட்டரில் கரைத்துச் சிக்கனம் பார்ப்பவர்களும் உண்டு. அதில் உடனடி ஆபத்து இல்லை என்றாலும், இழந்த உப்பு திரும்பக் கிடைக்காது.

நம் வீடுகளில் லிட்டர் என்ற அளவே கையில் இருப்பதில்லை. சொம்பு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அளவு, டம்ளரும் அப்படியே. எங்கள் பட்டறையில் ஒரு லிட்டர் குடிநீர் பாட்டில் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, அதை ஒரு பாத்திரத்தில் ஊற்றிப் பாக்கெட்டை முழுவதுமாகக் கரைக்கிறோம். பாதிப் பாக்கெட், கால் பாக்கெட் என்று கண்ணால் பிரிப்பதில்லை, ஏனென்றால் நான்கு பொருள்களும் உறைக்குள் சீராகக் கலந்தே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு குழந்தைக்குக் கொஞ்சமாகத் தேவைப்பட்டால் 200 மில்லிக்கான சிறிய பாக்கெட்டை வாங்குவதே சரி. நான்கு கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள அது தனியாகவே விற்கப்படுகிறது. பெரியதையும் சிறியதையும் மாற்றி எடுத்துவிடாமல் இரண்டையும் வேறு வேறு டப்பாவில் வைத்திருக்க வேண்டும்.

டெட்ரா பேக்குகளைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பெற்றோர்கள் அதிகமாக ஏமாந்தது அவற்றில்தான். மருந்துக் கடையில், ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டு, பழப்படத்தோடு விற்கப்பட்ட பல பானங்கள் உலக சுகாதார நிறுவனத்தின் சேர்மானத்தைப் பின்பற்றாதவை. அவற்றில் சர்க்கரை பல மடங்கு அதிகம், சோடியம் குறைவு. சர்க்கரை மிகுந்த நீர்மம் குடலுக்குள் போனால் ஊடுபரவல் விதிப்படி நீர் குடலுக்குள்தான் வரும், வயிற்றுப்போக்கு மேலும் கூடும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில், அந்தச் சேர்மானத்துக்கு உட்படாத உணவுப் பானங்களின் பெயரிலோ உறையிலோ ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. நான் மனமார வரவேற்ற உத்தரவு இது. இருந்தாலும் பெயர் மாறிய பிறகும் அந்தப் பெட்டிகள் அதே மேசையில், பொடிப் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. வயிற்றுப்போக்கு என்று கேட்டால் கைக்கு முதலில் வருவது எது என்பதைக் கவனித்துப் பாருங்கள். பொடிப் பாக்கெட் ஒன்று ஏறத்தாழ இருபது ரூபாய், அதில் ஒரு லிட்டர் கிடைக்கிறது. பெட்டியோ 200 மில்லிக்கே அதைவிட அதிகம்.

விளையாட்டுப் பானங்களை நான் குறை சொல்லப்போவதில்லை, அவை நீண்ட நேரம் ஓடி வியர்ப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. ஆனால் வயிற்றுப்போக்குக்கு அவற்றிலுள்ள சோடியம் போதாது, சர்க்கரை அதிகம். கோலா வகைக் குளிர்பானங்களில் சோடியம் இல்லை என்றே சொல்லலாம், அவற்றின் ஊடுபரவல் அடர்த்தியோ ஓ.ஆர்.எஸ். கரைசலைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இளநீர் நல்ல பானம்தான், அதில் பொட்டாசியம் மிகுதி. ஆனால் கடுமையான வயிற்றுப்போக்கில் முதலில் போவது சோடியம், அது இளநீரில் குறைவு. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அந்தப் பொட்டாசியமே இதயத் துடிப்பைக் குலைத்துவிடும் என்பதால் அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது. ஓ.ஆர்.எஸ். கரைசலிலும் லிட்டருக்கு 20 மில்லிமோல் பொட்டாசியம் இருப்பதால் இதே எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

இவ்வளவு புகழ்ந்த பொருளை அன்றாடப் பானமாகக் குடிக்கலாமா என்றால், கூடாது என்பதே என் உறுதியான பதில். ஒரு லிட்டர் கரைசலில் சுமார் 1,725 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒருவர் ஒரு நாள் முழுவதும் உண்ணும் எல்லா உணவிலிருந்தும் சேர்த்து 2,000 மில்லிகிராமுக்குள், அதாவது ஐந்து கிராம் உப்புக்குள், இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். காலையில் இட்லி சாம்பார், மதியம் குழம்பும் ஊறுகாயும், மாலையில் தட்டுவடை செட் என்று சாப்பிடும் நமக்கு உப்புக்குப் பஞ்சமே இல்லை. சேலத்து ஐந்து ரோட்டுச் சந்திப்புவரை போய்வந்த களைப்புக்கெல்லாம் இதைக் கரைத்துக் குடிப்பவர்கள் இரத்த அழுத்தத்தைத்தான் ஏற்றிக்கொள்கிறார்கள்.

எங்கள் பட்டறை ஆட்களுக்கும் சாதாரண நாள்களில் தண்ணீரும் நீர்மோருமே போதுமானவையாக இருக்கின்றன. வியர்வையில் போகும் சோடியம் ஆளுக்கு ஆள் வேறுபடும், லிட்டருக்கு 20 முதல் 80 மில்லிமோல் வரை இருக்கலாம். வெயிலுக்குப் பழகிய உடலின் வியர்வையில் உப்பு குறைந்துவிடும். அடுப்பு முன் கடுமையாக உழைப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட வியர்க்கக்கூடும். ஒரு லிட்டர் நீர்மோரில் தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்தால் ஏறத்தாழ 45 மில்லிமோல் சோடியம் வந்துவிடும். தயிரிலிருந்து பொட்டாசியமும் கொஞ்சம் கிடைக்கும். இதோடு மதியச் சாப்பாடும் சேரும்போது அவர்கள் இழந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. நாள் முழுவதும் வெள்ளி உருக்கும் வேலை இருந்து, துணியில் உப்புப் படிந்து, காலில் தசை பிடித்து இழுக்கும் அளவுக்கு வியர்த்தவருக்கு மட்டும் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுக்கிறோம். அங்கே அது தன் மதிப்பைக் காட்டிவிடுகிறது.

எதிர்ப்பக்கத்தில் உள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டும். வெயிலுக்கு அஞ்சி, உப்பே சேராமல், தாகமும் இல்லாமல், வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பது நல்லதல்ல. சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டித் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் திறமை படைத்ததுதான். ஆனாலும் மிகுதி நீரை ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டருக்கு மேல் அதனால் வெளியேற்ற முடியாது. அதை மீறினால் இரத்தத்தின் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கி, நீர் செல்களுக்குள் புகுந்து, மூளை வீங்கத் தொடங்கும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம் என்று தொடங்கி அது மயக்கம்வரை போகலாம். நாள் ஒன்றுக்கு எட்டு டம்ளர் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் கணக்குக்கு அடிப்படை உறுதியானதல்ல. மிதமான தட்பவெப்பத்தில் ஆண்களுக்கு 2.5 லிட்டர், பெண்களுக்கு 2 லிட்டர் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பரிந்துரை; அது உணவிலுள்ள நீரையும் சேர்த்த கணக்கு. ரசமும் மோர்ச்சோறும் உண்ணும் வீட்டில் அந்தப் பங்கு சிறியதல்ல. சேலத்துச் சித்திரை வெயிலில் இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும் என்றாலும், நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்குத் தாகமும் சிறுநீரின் நிறமும் நம்பத்தக்க வழிகாட்டிகள்.

முதியவர்களுக்கு அந்த வழிகாட்டிகள் மங்கிவிடுகின்றன. பிறந்த குழந்தையின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கும், வளர்ந்த ஆணின் எடையில் 60 விழுக்காடும் நீர். வயதாக ஆக அது பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடும், தாக உணர்வும் குறைந்துவிடும். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கி மாத்திரை உண்பவர்களுக்கு ‘சோடியம் கொறைஞ்சு போச்சு’ என்று மருத்துவமனையில் சேர்க்கும் நிலை வருவதை நாம் அனைவருமே உறவுகளில் பார்த்திருக்கிறோம். அப்படிச் சொன்னவுடன் வீட்டிலேயே ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ணுவது ஆபத்து. சோடியம் குறைவது சிலருக்கு உப்பு போவதால், சிலருக்கு நீர் தேங்குவதால். இரண்டுக்கும் மருத்துவம் எதிரெதிரானது. இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றில் நோயுள்ளவர்களின் விஷயத்தில் மருத்துவரே அளவு சொல்ல வேண்டும்.

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கிய உடனேயே, நா வறளும்வரை காத்திராமல், கொடுக்கத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயதுவரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, தேக்கரண்டி தேக்கரண்டியாக மெதுவாகக் கொடுத்தால் பெரும்பாலும் நிற்கும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, சோற்றையும் நிறுத்தக் கூடாது. அரசு நிலையங்களில் பாக்கெட்டோடு துத்தநாக மாத்திரைகளும் தருகிறார்கள். போக்கு நின்ற பிறகும் அவற்றைச் சொன்ன நாள்வரை முடிக்க வேண்டும், அது குடலின் சுவர் தேற உதவுகிறது. கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பி, குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால், மலத்தில் இரத்தம் வந்தால், பாக்கெட்டை நம்பி வீட்டில் இருக்காமல் அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வெயிலில் விழுந்தவர் பிதற்றினாலோ உடல் கொதித்தாலோ முதலில் குளிரவைக்க வேண்டும், 108-ஐ அழைக்க வேண்டும்.

பாக்கெட் கிடைக்காத இரவில் என்ன செய்வது என்பதற்கும் வழி இருக்கிறது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில், தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். பொட்டாசியம் இதில் இல்லை, அதற்கு ஒரு வாழைப்பழம். நம் ஊரில் வயிறு கெட்டால் ஜவ்வரிசிக் கஞ்சியும் அரிசிக் கஞ்சியும் கொடுக்கும் வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மாவுச்சத்து குடலில் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து குளுக்கோஸாக மாறுவதால் ஊடுபரவல் அடர்த்தியை ஏற்றாமலேயே சோடியத்துக்குத் துணை கிடைக்கிறது. அரிசி மாவில் செய்த கரைசல்கள் காலராவில் மலத்தின் அளவைக் குறைத்தது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. ஆனால் ஜவ்வரிசி செய்யும் மரவள்ளி மாவில் சோடியம் இல்லை என்றே சொல்லலாம், ஆகவே உப்பில்லாத ஜவ்வரிசிக் கஞ்சி பாதி வேலையைத்தான் செய்யும். இனிப்பாகக் காய்ச்சி, வெல்லம் நிறையப் போட்டுக் கொடுப்பது இந்த நேரத்துக்கு ஏற்றதல்ல.

கரைக்கும் தண்ணீரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மேட்டூர்த் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதுவானாலும் குடிக்கத் தகுந்ததாக இருந்தால் போதும். சந்தேகம் இருந்தால் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். ஆர்.ஓ. நீரில் தாது இல்லை என்பதற்காக ஓ.ஆர்.எஸ். சேர்த்துக் குடிக்க வேண்டும் என்பது விற்பனைப் பேச்சு. நமக்குத் தாதுக்கள் முக்கியமாக வருவது உணவிலிருந்துதான்.

ஏற்காட்டுக்குப் போகிறவர்களும் சிறிய பாக்கெட்டுகளை எடுத்துச் செல்வது நல்லது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறுவதற்குள் பிள்ளைகள் வாந்தி எடுத்துவிடுகிறார்கள். மேலே 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் தாகம் தெரியாததால் யாரும் தண்ணீர் கேட்பதில்லை. அங்கே குடிக்கும் காபி உடலை வற்றச் செய்யும் என்ற அச்சம் வேண்டாம், வழக்கமாகக் குடிப்பவர்களுக்கு அதுவும் நீர்க்கணக்கில் சேரும். மலையில் வீடு வைத்திருப்பவர்கள் பாக்கெட்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். காலாவதி நாளைக் கோடைக்கு முன்பு ஒருமுறை பார்த்துவிட்டு, உறை பொத்தலானதையும் பொடி நிறம் மாறியதையும் தயங்காமல் எறிந்துவிடுங்கள். வீட்டுக்கு இரண்டு பெரிய பாக்கெட்டுகளும் நான்கு சிறியவையும் போதும். கடையில் பெட்டிப் பானத்தைக் கையில் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, பின்புறத்தில் 2.6, 13.5, 1.5, 2.9 என்ற நான்கு எண்களும் இருக்கும் பொடியைக் கேட்டு வாங்குங்கள்.